இரண்டாவது பெட்டி

கரண்ட் போனால் எல்லோரும் முதலில் ஃபேனைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தரைப்பக்கம் பார்ப்பேன். எங்கள் வீட்டுப் பின்னறை மூலையில், ஒரு மரப்பலகை மேல், இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தால் எனக்கு நிம்மதி. ஃபேன் நின்றால் வியர்க்கும், அவ்வளவுதானே.

ஐயா, பேனாவையும் தாளையும் கொடுத்து, நடந்ததை நீயே எழுது என்று சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லி நீங்கள் எழுதியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. மண்வெட்டி பிடித்த கை, பேனாவைக் கொஞ்சம் அழுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அண்ணன் விஷயம் விளங்காது.

எனக்கு ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் கேபிள் வேலை. பள்ளம் தோண்டுவேன், குழாய் பதிப்பேன், கம்பம் ஏறுவேன். எங்கள் வேலையில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு. கேபிளின் இந்த முனையில் என்ன டேக் கட்டியிருக்கிறதோ, அதுவே அந்த முனையிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத காலத்தில் ஒருமுறை டேக் பார்க்காமல் தப்பான கேபிளை வெட்டிவிட்டேன். ஒரு தெரு முழுக்க ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தொழிற்சங்கக் கட்டடத்தில் நடக்கும் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். கற்ற புதிதில் கண்ணில் பட்டதற்கெல்லாம் டேக் எழுதிக் கட்டினேன். ஆபீசில் என் பெயரே டேக் ஆகிவிட்டது.

ஆபீசில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது ஓர் இன்ஜினீயர் மேடம். என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன மேடம் என்று கேட்டேன்.

"டேக் அண்ணே, கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. பேரைச் சொன்னா நம்பர் கிடைக்கும், அது நேர்வழி. நம்பரைச் சொல்லிப் பேரைக் கேட்டா, அது ரிவர்ஸ்."

"கேபிளை அந்த முனையிலேர்ந்து பிடிச்சுட்டு வர்ற மாதிரியா?"

"அதேதான். நம்ம வாடிக்கையாளர் ஒரு மெயில் அனுப்புறார்னு வைங்க. வாங்குற சர்வர் ஒரு சந்தேகப் பிராணி. இந்த நம்பருக்கு என்ன பேருன்னு திருப்பிக் கேக்கும். பதில் வரலைன்னா, திருட்டு மெயில்னு குப்பையில போட்டுரும்."

"எங்க அண்ணன் மாதிரி," என்றேன். மேடம் சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். நம்பர்களையெல்லாம் வைத்திருப்பது எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய பதிவகம். அது எங்கள் கம்பெனியைப் போன்ற உள்ளூர்ப் பதிவகங்களுக்குக் கத்தை கத்தையாகப் பிரித்துக் கொடுக்கும். நம்பரைக் கொடுத்தால் மட்டும் ஆகாது. இந்த நம்பர் யாருடையது என்று உலகத்தில் எவன் கேட்டாலும் பதில் சொல்லும் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைப்பு சும்மா நடந்துவிடாது. பதில் சொல்ல இரண்டு சர்வர் இருக்க வேண்டும். இரண்டும் இரண்டு இடத்தில், இரண்டு வேறு லைனில் இருக்க வேண்டும். கேட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். ஒன்று பேசாமல் இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

எங்களுக்குப் புதிதாக ஒரு கத்தை நம்பர் வந்திருந்தது. முதலாளி அவசரப்பட்டு அதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒப்படைப்பு மட்டும் நடக்கவில்லை. இரண்டு சர்வரையும் ஒரே அறையில் மேலும் கீழுமாக வைத்துவிட்டு விண்ணப்பித்திருந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் மெயிலெல்லாம் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளினிக்காரர் கத்துகிறார், பள்ளிக்கூடத்துக்காரர் கத்துகிறார், முதலாளி மேடத்திடம் கத்துகிறார்.

"வேற இடம், வேற கம்பெனி லைன். எங்க போவேன்?" என்றார் மேடம்.

எங்கள் வீடு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே எங்கள் கம்பெனி கேபிள் வராது, வேறொரு கம்பெனியின் லைன்தான். அந்தக் கம்பெனிக்கு எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியவனும் நான்தான், அது வேறு கதை. "எங்க வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடக்கு மேடம்" என்றேன். சும்மா கிடக்கவில்லை, அதில் நான் படுத்திருந்தேன். இப்படித்தான் இரண்டாவது பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே அது சூடாகாமல் இருக்க ஒரு சின்ன ஏசியும், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரியும் வந்தன. அந்தப் பேட்டரியை மேடம் யுபிஎஸ் என்பார். என் வாழ்க்கையில் யாரும் எதையும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. பள்ளம் தோண்டச் சொல்வார்கள், தோண்டியதும் போகச் சொல்வார்கள்.

இனி அண்ணன்.

அண்ணன் முப்பது வருஷம் ஒரு கிடங்கு வாசலில் நின்றவர். வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைத் தடவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து அனுப்பும் வேலை. கிடங்குத் தூசி நுரையீரலுக்குள் போனது. தடவிப் பார்க்கும் புத்தி எலும்புக்குள் போனது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால், எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பார். கூடினால், தன்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பார்க்கிறார்கள் என்பார்.

பெட்டி வந்த நாளிலேயே அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"டேய், நான் பேசுறப்ப மட்டும் இது மினுக்குது."

"அது எப்பவும் மினுக்கும்ணே."

"யாருக்குச் சேதி போகுது?"

அண்ணி சமையல்கட்டிலிருந்து சொன்னார்: "ஆமா, நீங்க பேசுறதைக் கேக்க உலகமே காத்துட்டிருக்கு. கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் ஒருத்தி கேக்குறேன், போதாதா?"

சில மாதத்தில் அண்ணனுக்கு மூச்சு ரொம்ப மோசமாயிற்று. படி ஏறக் கூடாது, புழுக்கம் ஆகாது, ஆக்சிஜன் மெஷின் எந்நேரமும் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் குளிர்ந்த அறை ஒன்றுதான். "பெட்டிக்குக் குளிர்காத்து, எனக்கு அனல் காத்தா?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி. நானே அவர் கட்டிலைப் பிரித்துப் பின்னறைக்குக் கொண்டுவந்தேன். நான் கூடத்துத் தரைக்குப் போனேன்.

கட்டிலைப் பிரித்தபோது சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து ஒரு சங்கிலி விழுந்தது.

அதைப் பற்றி நீங்கள் அண்ணியிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம் அண்ணியின் சங்கிலி காணாமல் போயிற்று. அன்று என் வீட்டுக்காரி அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நின்றார். கையைத் தூக்கச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் மரியாதை. பையை வாங்கி வாசற்படியில் கொட்டினார். அவளுடைய துணிமணி எல்லாம், மேலே போட்டுக்கொள்வது, உள்ளே போட்டுக்கொள்வது எல்லாம், தெரு பார்க்கக் கிடந்தது. சங்கிலி இல்லை. "அப்ப முன்னாடியே குடுத்து அனுப்பிட்டா" என்றார் அண்ணன். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து துணிகளை எடுத்துப் பையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். போனவள் திரும்பி வரவில்லை. எங்கேயோ இருக்கிறாள்.

இத்தனை வருஷம் கழித்து, அந்தச் சங்கிலி அண்ணன் படுத்த கட்டிலில் இருந்து என் காலடியில் விழுந்தது. அண்ணி கையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அதை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாத்தியா, இங்கதான் ஒளிச்சு வச்சிருந்திருக்கா. நான் அன்னிக்கே சொன்னேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துவிட்டுக் கட்டிலைச் சேர்த்துப் பூட்டினேன். கோபப்பட்டேன் என்று அண்ணி சொல்லியிருந்தால் அது அவர் ஊகம்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் ஆபீஸ் சம்பந்தப்பட்டது. மேடம் மறுபடி விண்ணப்பம் போட்டார். மேலே இருந்து தட்டிப் பார்த்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பெட்டி பேசவில்லை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பெட்டியின் மேல் அண்ணனுடைய போர்வை. பிளக் தரையில்.

"மினுக்கிட்டே இருந்துச்சு. புடுங்கிட்டேன்," என்றார். "யாராச்சும் தவிச்சானுங்களா? தவிச்சா, ஒட்டுக் கேட்டவனுங்கன்னு அர்த்தம்."

ஒப்படைப்பு இரண்டாம் தடவையும் தவறிப்போனது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உன் வீட்டுப் பெட்டிக்கு என்ன, சாப்பிட்டுட்டுத் தூக்கமா?" என்று கேட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் பெட்டியோடு சேர்த்து என்னையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் பிளக்கைத் தட்டிவிட்டேன் என்று சொன்னேன். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடத்துக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் ஒருமுறை வீட்டுக்கே வந்து அறையைப் பார்த்தார். அந்தப் பேட்டரி பெட்டியைத் தாங்கும், அல்லது ஆக்சிஜன் மெஷினைத் தாங்கும். இரண்டையும் சேர்த்துச் சொருகினால் கத்திவிட்டு அணைந்துவிடும். மேடமே சொருகிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "டேக் அண்ணே, கரண்ட் போனா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. சர்வரைப் புடுங்கிட்டு இவருக்குக் குடுங்க. விண்ணப்பம் போனாப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அண்ணியும் பக்கத்தில்தான் நின்றார். ஆகவே மேடத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒரு மனுஷனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, போனால் போகட்டும் என்றால் போய்விடுமா? மூன்றாவது விண்ணப்பம் போட்டிருந்த வாரத்தில்தான் அண்ணன் இறந்தார். கிளினிக்காரரின் மெயில்கள் இன்னமும் குப்பையில். எங்கோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட் போய்ச் சேராமல் கிடக்கிறது என்று நான் நினைத்தேன். அண்ணன் ஓர் ஆள். அந்தக் கத்தை நம்பருக்குப் பின்னால் எத்தனை ஆட்கள். முதல் நாள் நீங்கள் விசாரித்தபோது நான் இதைத்தான் சொன்னேன். கரண்ட் போனது, பெட்டியை நிறுத்தக் கூடாத நேரம், பதற்றத்தில் கை ஓடவில்லை என்று. அப்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள். எங்கள் அண்ணன் கிடங்கு வாசலில் பார்ப்பாரே, அதே பார்வை.

அண்ணியிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். அதுதான் வினை ஆனது. சாவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆச்சு தம்பி என்று கேட்டபோது, பேட்டரி செத்துப்போச்சு அண்ணி, சொருகினேன், எடுக்கவே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினார். தன் தலையில் அடித்துக்கொண்டு என்னைத் தேற்றினார்.

சில நாள் கழித்து மேடம் துக்கம் விசாரிக்க வந்தார். வந்து அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தாம்மா குற்றவாளி மாதிரி இருக்கேன்," என்றார் மேடம். "அந்த அறையில பெட்டியைக் கொண்டாந்து வச்சு, உங்களுக்கெல்லாம் தொந்தரவு."

"நீ என்னம்மா பண்ணுவ. பேட்டரி கழுத்தறுத்துருச்சு. தம்பி சொருகிச் சொருகிப் பாத்தாராம். செத்துக் கிடந்துச்சாம்."

மேடம் தலையை ஆட்டினார். பாதி ஆட்டியவர் நிறுத்திவிட்டார்.

"செத்துக் கிடந்துச்சா? அன்னிக்கு மதியம் முழுக்க உங்க வீட்டு சர்வர் ஓடிட்டிருந்துச்சே. நான் ஆபீஸ்ல திரையில பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவைகூட விழல."

நான் சொன்னேனே, கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே டேக் இருக்க வேண்டும் என்று. இங்கே இரண்டு முனையையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் எழுந்து நின்றார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அண்ணி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, அன்னிக்கு சிலிண்டர் மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?"

சிலிண்டர் விஷயத்தை நான் இன்னும் எழுதவில்லை. எழுதுகிறேன்.

கரண்ட் போனால் அண்ணனுக்குக் கைக்காவலாக ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் அறையில் நிற்கும். மெஷின் நின்றால் குழாயை அதில் மாட்டிவிடலாம். அதன் கழுத்தில் ஒரு மீட்டர், அதில் எழுத்தும் நம்பரும் ஒரு முள்ளும் இருக்கும். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்குக் கண் மங்கல். வீட்டில் அந்த மீட்டரைப் படிப்பவன் நான் ஒருவன்தான். அன்று காலை அண்ணி என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் போய்க் குனிந்து பார்த்தேன். முள் பாதிக்கு மேலே நின்றது.

"காலி ஆகப்போகுது அண்ணி. மாத்தி வச்சுட்டா நல்லது," என்றேன்.

கட்டிலில் இருந்து அண்ணன் தலையைத் தூக்கினார். "நேத்து முந்தாநாள்தானே மாத்துனது? அதுக்குள்ள எப்படிடா காலி? எவனோ திருகி விட்டிருக்கான். நீ போகாதடி. இவன் எதுக்கோ அனுப்புறான் உன்னை."

"ஆமா, தம்பி உங்களைக் கழுத்தை நெரிக்கத்தான் என்னை அனுப்புறாரு," என்றார் அண்ணி. "வாயில வர்றதையெல்லாம் பேசாதீங்க. உங்களுக்கு மூச்சு விடக் காத்து வாங்கத்தானே போறேன்?"

அண்ணி ஆட்டோ பிடித்துச் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனார். நான்தான் தூக்கி வைத்தேன். ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தேன். கடைக்காரர், பாதி இருக்கேம்மா, ஏன் கொண்டாந்தீங்க என்று கேட்டாராம். இவன் ஏமாற்றப் பார்க்கிறான், எங்க தம்பி படிச்சுச் சொன்னாரு என்று அண்ணி அவரோடு சண்டை போட்டாராம். அதிலேயே நேரம் போயிருக்கிறது. முப்பது வருஷம் அண்ணன் எல்லோரையும் சந்தேகப்பட்டார். அந்தக் காலையில் மட்டும் அவர் சரியாகச் சந்தேகப்பட்டார். யாரும் நம்பவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

அன்று எங்கள் தெருவில் மதியம் கரண்ட் இருக்காது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கம்பத்தில் வேலை இருப்பதாகப் பழக்கமான லைன்மேன் ஒருவர் முந்தின நாளே சொன்னார். டீ குடித்துக்கொண்டு பேசும்போது சொன்னதுதான், ரகசியம் ஒன்றும் இல்லை. வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

இன்னொன்று. இதை மேடம் உங்களிடம் சொல்லியிருப்பார், நான் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்று காலையிலேயே, அண்ணி கிளம்புவதற்கும் முன்னால், மேடம் எனக்குப் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"டேக் அண்ணே, ஒப்படைச்சுட்டாங்க. ரெண்டு சர்வரும் டக்குனு பதில் சொல்லுச்சு, பாஸ். நம்பரைக் கேட்டா இனிமே நம்மகிட்டதான் வருவாங்க. இனி உங்க பெட்டியைப் போர்வை போட்டுத் தூங்க வச்சாலும் கவலையில்ல."

ரொம்ப சந்தோஷம் மேடம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆகவே, மதியம் கரண்ட் போனபோது அந்தப் பெட்டி ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கிளினிக்காரரின் மெயில் அப்போதே போய்ச் சேர ஆரம்பித்திருக்கும். கம்பெனிக்காகச் செய்தேன் என்று நான் முதல் நாள் சொன்னதை நீங்கள் அடித்துவிடலாம்.

பிறகு எதற்காகச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். சங்கிலிக்காக இல்லை. அது முடிந்த கதை. பழி வாங்குகிற ஆள் நான் இல்லை, ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு பொறுப்பைக் கையில் வாங்கினால் நடுவில் விடக் கூடாது என்று ஒரு பழக்கம், அவ்வளவுதான். எரிகிற விளக்கை நானே அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக, கரண்ட் போனதிலிருந்து அண்ணி வரும்வரை நீ எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அறையில்தான் இருந்தேன். கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏசி நின்றதும் அறை மெல்லச் சூடாகத் தொடங்கியது. ஆக்சிஜன் மெஷின் கடைசியாக ஒருமுறை புஸ் என்று சத்தம் விட்டு அடங்கியது. அதன் பிளக் என் கையில் இருந்தது. யுபிஎஸ் கைக்கு எட்டும் தூரம்.

"டேய், கரண்ட் போச்சா?"

"போச்சுண்ணே."

"மெஷினை மாத்துடா."

"மாத்துறேண்ணே."

கொஞ்ச நேரம் பொறுத்தார். கண் மங்கலாக இருந்தாலும், ஜன்னல் சாத்திய அறை இருட்டில் அந்தப் பச்சைப் புள்ளி தெரிந்திருக்கிறது.

"அந்தப் பெட்டி எரியுதேடா."

"அது எரியும்ணே."

அதற்குப் பிறகு அவர் பெரிதாகப் பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு வேண்டுமே. அவ்வப்போது, டேய், இருக்கியா என்று மட்டும் கேட்டார். இருக்கேண்ணே என்றேன். ஒருமுறை கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் ஊரைத் தடவிப் பார்த்த கை, என் கையையும் ஒருமுறை தடவிப் பார்த்தது. இன்னொரு கையில் பிளக் இருந்தது, அது அவருக்கு எட்டவில்லை. பிடி தளர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் விடவில்லை. வெளியே ஆட்டோ சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து கதவைத் திறக்கப் போனேன்.

ஆமாம், ஐயா. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் அண்ணி கொடுத்த புகாரில், அண்ணனைச் சாகவிட்டுவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டதாக ஒரு வரி இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் எங்கேயும் போகவில்லை. அவர் கூப்பிட்டபோதெல்லாம் பதில் சொன்னேன். அன்று மதியம் அந்த அறையில், கேட்டவர் யாருக்கும் பதில் கிடைக்காமல் போகவில்லை.